பையன் எதுவும் சொல்லவில்லை

கிங்ஸ்டன், ஜமைக்கா
9 மார்ச் 2019

மிஸ் கெமோய் ரிக்கெட்ஸுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் மயங்கி விழவில்லை. "அந்த விதவை அம்மா ரத்தத்தைப் பார்த்ததும் அப்படியே சாஞ்சுட்டாங்களாம்" என்று கல்லூரியில் பேசிக்கொள்கிறார்களாம். நான் மண்டியிட்டேன். அறுபத்து நான்கு வயதில் தார்ச்சாலையில் மண்டியிட்டவள் எழுந்திருக்க நேரமாகும். அதற்குப் பெயர் மயக்கம் அல்ல.

இரண்டாவது திருத்தம் பெரியது, அதைச் செய்ய வேண்டியவள் நீ. நம் பள்ளி ஆலோசகர் பயிற்சியின் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் செவ்வாய்க்கிழமைக் கல்லூரி வகுப்பில் நீ எழுந்து நின்று, "டாஜே துப்பாக்கி விஷயம் முழுவதையும் மிஸ் டன்க்லியிடம் சொன்னான், மறுநாளே வெட்டுப்பட்டான்" என்று சொல்லியிருக்கிறாய். இது தவறு. டாஜே ஹேமில்டன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. போலீஸ் வந்த அன்று காலை அவனை நான் அழைத்தது தினமும் பள்ளிக்குத் தாமதமாக வருவதைக் கண்டிப்பதற்காக. துப்பாக்கியைக் கண்டெடுத்தவள் நான். சுவரொட்டி ஒட்டப் பசை தேடித் தச்சு வகுப்பறைக்குப் போனேன். அங்கே பதினோராம் வகுப்பு ரஷீனின் கருவிப் பெட்டி பூட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். துப்பாக்கி விளையாட்டுச் சட்டையில் சுற்றி உள்ளே இருந்தது. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன், அவர் போலீஸை அழைத்தார். ரஷீன் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டான். அகப்பட்ட அவனுடைய நண்பர்கள் இருவரைப் போலீஸ்காரர்கள் தாழ்வாரத்திலேயே போட்டுத் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் ஒருவனுடைய பற்கள் நம் அறை வாசலில் கிடந்தன. அதை நீயும் பார்த்தாய்.

மறுநாள் நீ பள்ளிக்கு வரவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், நீ சொல்லும் கதையில் இதுவாவது சரியாக இருக்கட்டும்.

மதிய இடைவேளை. டாஜேயின் தாய் ஷெர்னெட் வழக்கம்போலப் பள்ளி வாசலில் ஐஸ் பெட்டியை வைத்து ஜூஸ் பைகளை விற்றுக்கொண்டிருந்தாள். பையன் அவள் பக்கத்தில் நின்று ஒரு பையின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். ரஷீன் ஓடி வரவில்லை. காக்கிச் சீருடையில், வகுப்புக்குப் போகிறவன் போல நடந்து வந்தான். "வாய் நல்லாத்தான் தொறக்குது உனக்கு" என்றான். மடக்குக் கத்தி வயிற்றில் இரண்டு முறை போனது. பையன் உட்கார்ந்ததும் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, வாயோரத்திலிருந்து காது வரை ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டுக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டிக்கொடுத்தவனுக்குப் போடுவது அது.

ஷெர்னெட் ஐஸ் உடைக்கும் ஊசியால் ரஷீனின் தோளில் குத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். காவலாளி கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டான். நான் உள்பாவாடையைக் கழற்றிப் பையனின் வயிற்றில் வைத்து அழுத்தினேன். அங்கே நின்ற டாக்சிக்காரன், "சீட்டெல்லாம் நாறிப்போயிடும் மிஸ், வேற வண்டி பாருங்க" என்றான். குடைக்காம்பு முறியும்வரை அவன் கண்ணாடியில் அடித்தேன். திறந்தான்.

பையன் பிழைத்துக்கொண்டான். நீயோ அறைச் சாவியையும் எடுத்துக்கொண்டு செயின்ட் எலிசபெத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய். தர்பூசணிக் காலம், நல்ல காற்று. வாரந்தோறும் அங்கிருந்து வெங்காயத்தாள் கொண்டுவந்து விற்கும் மிஸ் ஜெம்மிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வகுப்பில் சொன்னதை வகுப்பிலேயே திருத்து.

வினிஃப்ரெட் டன்க்லி

*

செயின்ட் எலிசபெத்
14 மார்ச்

மிஸ் டன்க்லிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

பசை தேடினீர்களா? நம் அறை அலமாரியில் மூன்று புட்டிப் பசை இருக்கிறது. மூன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியவர் நீங்கள்தான். தச்சு அறைக்கு நீங்கள் ஒரு நாளும் போனதில்லை, மரத்தூள் பட்டால் தும்மல் வரும் என்பீர்கள்.

அன்று காலை அலமாரிக்குப் பின்னால் மதிய உணவுச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. டாஜே அழவில்லை. கதை சொல்கிறவன் போலச் சொன்னான்: "மிஸ், அது என் பையிலதான் உள்ள வருது. சின்னப் பசங்களை வாசல்ல கருவி வச்சுத் தடவிப் பார்க்க மாட்டாங்க. மாட்டேன்னு சொன்னா அம்மாவோட ஐஸ் பெட்டியில தலையை வைப்பேன்னு ரஷீன் சொல்றான்." நீங்கள், "யாருடைய தலையை?" என்று கேட்டீர்கள். "அம்மாவோடதுதான் மிஸ்" என்றான்.

முதல் வாரமே உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நான் அந்தத் தெருக்களில் வளர்ந்தவள். "ஒருத்தனை மட்டும் கூப்பிடாதீங்க மிஸ். ஆறு பேரைக் கூப்பிடுங்க, பல் பரிசோதனைன்னு சொல்லுங்க. பேச வேண்டியவனை நடுவுல உக்கார வைங்க. அனுப்பும்போது தாழ்வாரம் பூரா கேக்குற மாதிரி திட்டுங்க, அழுதுக்கிட்டே போகட்டும். திட்டு வாங்கினவனை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் குழந்தைகளிடம் நாடகமாட வரவில்லை, மிஸ் ரிக்கெட்ஸ். விதிப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியே, மரியாதையோடு பார்ப்பேன்." மரியாதையோடு ஒரு சீட்டில் அவன் பெயரை எழுதி, மாணவத் தலைவியிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினீர்கள். அவள் அதை வாசலில் நின்று உரக்கப் படித்தாள். நாற்பது பேர் கேட்டார்கள். மதியம் போலீஸ் வந்தது. கூட்டிப் பார்க்கத் தெரியாதவன் அந்த வகுப்பில் யார்?

நான் தர்பூசணி தின்ன வரவில்லை. வகுப்பு நடந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ரஷீனின் அண்ணன் வந்தான், தெருவே 'ஆணி' என்று கூப்பிடுகிறதே, அவன். கூட இரண்டு பேர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மீனைத் தின்றான். "உப்பு கம்மி அம்மா" என்றான். அம்மா உப்பு எடுத்துக் கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கிக் குழலை என் வாய்க்குள் வைத்தான். மீன் வாசனை அடித்தது.

"அந்த ரூம்ல உக்கார்றவதானே நீ? பொடியன் பேசினானா?"

"தெரியாது, நான் கேன்டீன்ல இருந்தேன்."

"காலேஜ்ல வேற மாதிரி சொன்னியாமே?"

"மத்தவங்க சொன்னதைச் சொன்னேன்."

என் வலது கையை உரலின் விளிம்பில் வைத்து, உலக்கையால் இரண்டு விரல்களை நசுக்கினான். "எது நெஜம்னு ஞாபகம் வந்ததும் சொல்லி அனுப்பு" என்றான். மீதி மீனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா என்னை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

வகுப்பில் நான் சொன்னது உண்மை. சொன்ன இடம் தவறு, ஒத்துக்கொள்கிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கோ ஒரு மச்சான் எங்கள் தெருவில் இருக்கிறான் போல. ஆனால் கேன்டீனில் இருந்தேன் என்று நான் பொய் சொன்னது உயிருக்காக. நீங்கள் எதற்காகப் பொய் சொல்கிறீர்கள்? சீட்டு அனுப்பிய தவறு வெளியே வரக் கூடாது என்றா? பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பயமுறுத்தியவர் நீங்கள். உங்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சாவியை இத்துடன் அனுப்புகிறேன்.

கெமோய்

*

கிங்ஸ்டன்
16 மார்ச்

கெமோய்,

உன் கடிதத்தைக் கரியடுப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன். அப்படி ஒன்றை இனிமேல் எழுதாதே. மிஸ் ஜெம் நல்லவள்தான், அவளுடைய கூடையை யாரும் பிடுங்கமாட்டார்கள் என்று உன்னால் சொல்ல முடியுமா?

உன் விரல்களைப் பற்றித் தெரிந்திருந்தால் தர்பூசணியைப் பற்றி எழுதியிருக்கமாட்டேன். வலிக்கு மருந்தும் கட்டுத்துணியும் அனுப்புகிறேன். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டாதே, மருத்துவமனைக்குப் போ.

சீட்டு அனுப்பியவள் நான். அதை மறைக்கவில்லை. ஷெர்னெட்டிடம் நேரில் சொன்னேன். அவள் என் கன்னத்தில் அறைந்தாள், மருத்துவமனை வராந்தாவில், தாதிகள் பார்க்க. நான் கையைத் தூக்கவில்லை. பிறகு அவளே என் தொப்பியைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

மற்றபடி, பையன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் புதன்கிழமை ஆணியின் தெருவுக்குப் போனேன். போகும் வழியில் சிப்பாய்கள் ஒரு இளைஞனைச் சுவரோடு நிறுத்தி முழங்காலுக்குப் பின்னால் உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னிடம், "அம்மா, இதுக்கு மேல போகாதீங்க, எங்களாலயே முடியல" என்றான். போனேன்.

ஆணி டோமினோ ஆடிக்கொண்டிருந்தான்.

"நீதான் அந்த ஸ்கூல் கெழவியா?"

"திருமதி டன்க்லி. பெரியவங்ககிட்ட எழுந்து நின்னு பேசணும்."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கெக்கலி கொட்டினார்கள். அவன் நிஜமாகவே பாதி எழுந்து, பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தான்.

"உன் தம்பியோட பெட்டியை உடைச்சது நான். துப்பாக்கியை எடுத்தது நான். போலீஸ் வந்தது என்னால. அந்தப் பையனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அவன் வாயைத் தொறக்கலையா?"

"ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னாலே வாயைத் தொறக்கமாட்டான். உன் தம்பியும் அப்படித்தான், பதினோராம் வகுப்பு வரைக்கும் எப்படி வந்தான்னு கேட்டுப் பாரு."

மறுபடியும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அப்போ காட்டிக்குடுத்தவ நீ."

"ஆமா."

"அதுக்கு இந்தத் தெருவுல என்ன கிடைக்கும்னு தெரியுமா கெழவி?"

"திருமதி டன்க்லி. தெரியும்."

அவன் ஒரு டோமினோக் கட்டையை மேசையில் அறைந்தான். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ரூம்ல இருந்த குட்டி வேற சொல்றா. ரெண்டுல ஒண்ணுதான் நெஜம்."

நான் திரும்பி நடந்தேன். முதுகில் சுடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பாட்டில் மட்டும் வந்து காலருகே உடைந்தது.

வியாழக்கிழமை நம் மேற்பார்வையாளர் திருமதி பின்னக் என்னை அழைத்தார். மாணவனின் பெட்டியை அனுமதியின்றி உடைத்ததற்காக என் பயிற்சி ரத்து. சான்றிதழ் கிடையாது. "இந்த வயசுல இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கலை வினிஃப்ரெட்" என்றார். இதுவரை எந்தத் தேர்விலும் நான் தவறியதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே கெமோய், நான் எதை மறைக்கிறேன் என்று இன்னொரு முறை யோசித்துப் பார்.

வி. டன்க்லி

*

செயின்ட் எலிசபெத்
21 மார்ச்

மிஸ் டன்க்லி,

யோசித்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எரித்தேன். நான் ஒரு மடைச்சி. நீங்கள் சீட்டை மறைக்கவில்லை. டாஜேயின் கன்னத்தில் போட்ட கோட்டை உங்கள் முகத்துக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

அதற்குள் மிஸ் ஜெம் வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் கதவைத் திறக்கும்போது பைக்கில் வந்து சுட்டார்களாம். முன்வாசல் கம்பிக்கதவு சல்லடையாகிவிட்டதாம். எதிர்வீட்டு மாமரத்தடியில் படுத்திருந்த நாயின் தலை போய்விட்டதாம். உங்கள் தோளில் பட்டுக் கை உடைந்துவிட்டதாம், நீங்கள் தெருவில் உட்கார்ந்து அழுதீர்களாம். இன்னொன்றும் சொன்னார். சாம்பல் புதனுக்குப் பிறகு நீங்கள் பூசைக்குப் போகிறீர்கள், ஆனால் நற்கருணை வாங்க எழுவதில்லை. எல்லோரும் வரிசையில் போக, நீங்கள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், கோவிலே பார்க்கிறது. மிஸ் ஜெம்முக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பொய்யைச் சுமந்துகொண்டு வாங்கமாட்டீர்கள், பொய்யை விடவும் மாட்டீர்கள்.

டொரொன்டோவில் மகள் இருக்கிறாள் அல்லவா? போய்விடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

வழக்கை விசாரிக்கும் போலீஸ் சார்ஜென்ட் ஆள் அனுப்பினார். அன்று காலை நான் அறையில் இருந்தேனா, பையன் என்ன சொன்னான் என்று வாக்குமூலம் வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் டாஜே செத்தான். அவன் எதுவும் சொல்லவில்லை என்று எழுதினால் நீங்கள் மட்டும்தான் மிச்சம். அடுத்த முறை அவர்கள் குறி தவறாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கும் வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதனால் எதுவும் எழுதாமல் இருக்கிறேன். இது கோழைத்தனம்தான். வாயில் துப்பாக்கி வைக்கப்பட்டவளுக்கு இவ்வளவுதான் தைரியம் மிஸ்.

கெமோய்

*

கிங்ஸ்டன்
23 மார்ச்

என் அன்பு கெமோய்,

மிஸ் ஜெம் சொன்னதில் நாய் மட்டும் சரி. கை உடையவில்லை, தோட்டா தோளை உரசிக்கொண்டு போனது. ஆறு தையல். நான் அழவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைதான் நாயைப் பார்த்து அழுதது, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நற்கருணை பற்றி எழுதியிருக்கிறாய். அது எனக்கும் பாதிரியாருக்கும் நடுவே உள்ளது. அவர் என்னோடு ஒத்துப்போகவில்லை, நானும் அவரோடு ஒத்துப்போகவில்லை.

டொரொன்டோவுக்குப் போகமாட்டேன். நான் போனால், பயந்து ஓடிவிட்டாள், அப்படியானால் அவள் சொன்னது பொய் என்பார்கள். என் மகளுக்கு எழுதாதே.

நேற்று டாஜேயைப் பார்க்கப் போனேன். முகம் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிறது. உறிஞ்சுகுழலால் சோளக்கஞ்சி குடிக்கிறான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் இவனைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறானாம். தாதி ஒருத்தி கூட ஊசி போடும்போது, "உனக்கு இது தேவைதானாடா?" என்று கேட்டிருக்கிறாள். பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்:

"மிஸ், நான் சொன்னேனா, சொல்லலையா?"

"சொல்லலை."

"நெஜமாவா மிஸ்?"

"நான் பொய் பேசி நீ கேட்டிருக்கியா?"

உறிஞ்சுகுழலை ஒதுக்கி வைத்தான். "இல்ல மிஸ்" என்றான். பிறகு, "அப்போ நான் சொல்லலை" என்றான். சிரிக்க முயன்றதில் ஒரு தையல் விட்டுவிட்டது. தாதி என்னைத் திட்டி வெளியே அனுப்பினாள்.

புதன்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஷெர்னெட்டுக்கு வேறு வீடில்லை, கிராமத்தில் யாரும் இல்லை. அதே தெருவுக்குத்தான் போக வேண்டும். ஆணி அவளிடம் ஆள் அனுப்பியிருக்கிறான்: "அந்தக் குட்டி என்ன சொல்றாள்னு பார்க்குறேன். அதுக்கப்புறம் உன் மகனைப் பத்திப் பேசலாம்." ஆகவே நீ எழுதாமல் இருப்பது நடுநிலை அல்ல. உன் மௌனத்தை அவன் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வான்.

என்னைச் சாகக் கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். நீ அவ்வளவு பெரிய ஆளில்லை, கெமோய். காட்டிக்கொடுத்தவள் நான் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பதிலும் வந்துவிட்டது. அவர்கள் மறுபடி வருவார்களா என்பது உன் கையெழுத்தைப் பொறுத்ததல்ல. உன் கையெழுத்தைப் பொறுத்தது ஒன்றே ஒன்றுதான், என்னோடு சேர்த்துப் பையனையும் தேடுவார்களா என்பது.

சார்ஜென்ட்டிடம் பேசிவிட்டேன். நீ கிங்ஸ்டன் வர வேண்டியதில்லை. உன் கைப்பட எழுதிய தாள் போதும் என்கிறார். அந்தக் காவல் நிலையத்துக்குப் போகும் எந்தத் தாளும் மை காயுமுன் ஆணியின் மேசைக்குப் போய்விடும் என்று நீ சொல்வாய். தெரியும். அதனால்தான் அங்கே எழுதச் சொல்கிறேன்.

நீ அன்று காலை அறையில் இருந்தாய். அலமாரிக்குப் பின்னால் உணவுச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் பையனைத் தாமதமாக வந்ததற்காகக் கண்டித்தேன். அவன் தலைகுனிந்து நின்றான். எதுவும் சொல்லவில்லை. கேன்டீனில் இருந்ததாக ஆணியிடம் சொன்னது வாயில் துப்பாக்கி இருந்ததால். வகுப்பில் சொன்னது என் மேல் உனக்கு இருந்த கோபத்தால். அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது, அதையும் எழுது. சீட்டு அனுப்ப வேண்டாம் என்று நீ முதல் வாரமே சொன்னாய், நான் கேட்கவில்லை என்று எழுது. அது உண்மை, அது மற்றதை நம்ப வைக்கும்.

இப்படி எழுதுவது உன்னால் முடியாது என்றால் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன். ஆனால் எனக்கு அது முன்னதாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் புதன்கிழமை பையனையும் அவன் தாயையும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஓட்டை விழுந்த கதவுதான், ஆனாலும் கதவு.

மிஸ் ஜெம் வியாழக்கிழமைதான் வருவாள், அது தாமதம். செவ்வாய்க்கிழமை காலை மினிபஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. எழுதுவாயா, மாட்டாயா என்று எனக்கு ஒரே சொல்லில் பதில் அனுப்பு.

வினிஃப்ரெட் டன்க்லி